டெலோமெரேஸ் ஆற்றும் பிற பணிகள்

முதுமையை வெல்ல வேண்டும் என்னும் அவா மனித குலத்துக்குப் புதிதன்று. அக்காலத்தார் காயகல்பம் தேடினர். இக்காலத்தில் டெலோமெரேஸ் என்னும் நொதியைத் தூண்டி இளமை தருவதாகக் கூறும் மாத்திரைகளின் விளம்பரங்களைக் காண்கிறோம். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வீட்டுப் பெரியவர்களுக்கு அவற்றை வாங்கும் முன், அந்நொதி உடலில் செய்வது யாது என்பதை அறிந்து கொள்ளுதல் நலம்.

நம் உயிரணுக்களின் உட்கருவில் குரோமோசோம்கள் உள்ளன. அவற்றின் முனைகளுக்கு டெலோமியர் என்று பெயர். உயிரணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம் இம்முனைகள் சிறிது தேய்கின்றன; மிகவும் தேய்ந்துவிட்டால் பிரிதல் நின்றுபோகும். தேய்ந்ததைக் கட்டித் தருவதே டெலோமெரேஸ். இதில் இரு முக்கியப் பகுதிகள் உண்டு: ஒன்று வேலை செய்யும் புரதம், மற்றொன்று அவ்வேலைக்கு அச்சாக விளங்கும் ஆர்.என்.ஏ. 1984ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, எலிசபெத் பிளாக்பர்ன் அம்மையாரின் மாணவியான கரோல் கிரைடர், டெட்ராஹைமீனா என்னும் ஓரணு உயிரியில் இதன் செயலைக் கண்டார். இருவருக்கும் ஜாக் ஷோஸ்டாக்குக்கும் 2009இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் இத்துடன் கதை முடியவில்லை. சிறிய ஸ்டேஷன்களில் ஸ்டேஷன் மாஸ்டரே டிக்கெட்டும் கொடுப்பார், கொடியும் காட்டுவார் என்பதை ரயில்வே ஊழியராகிய நாம் அறிவோம். டெலோமெரேஸும் அத்தகையதே என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

உயிரணுவுக்குச் சக்தி தயாரிக்கும் நிலையம் மைட்டோகாண்ட்ரியா. ஆக்சிஜன் விளைவிக்கும் தீங்கு மிகும்போது, நொதியின் புரதம் உட்கருவை விட்டு வெளியேறி அங்கே செல்கிறது. அங்குள்ள மரபுப் பொருளுக்குச் சேதம் குறைகிறது. அம்மரபுப் பொருளோ வளைய வடிவானது. வளையத்துக்கு முனை ஏது? ஆகவே அங்கு நடைபெறுவது முனையைக் கட்டும் வேலை அன்று என்பது தெளிவு.

2005இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சுண்டெலிகளின் தோலில் இப்புரதத்தை மிகுவித்தபோது உறங்கிக் கிடந்த மயிர்க்கால்கள் விழித்து உரோமம் வளர்ந்தது. அச்சாகிய ஆர்.என்.ஏ. இல்லாத சுண்டெலிகளிலும் அவ்வாறே நிகழ்ந்தது வியப்பே! பிரிதலை நிறுத்திவிட்ட மூளை நரம்பணுக்களிலும் இப்புரதம் காணப்படுகிறது. வேறு மரபுக் கட்டளைகளை ஏவுவதிலும் இதற்குப் பங்குண்டு என்று சிலர் கூறினர். அதனை எல்லா ஆய்வாளரும் ஏற்கவில்லை.

இவ்விஷயம் வெறும் ஏட்டு ஆராய்ச்சி அன்று. புற்று நோய்களில் நூற்றுக்கு 85 முதல் 90 வரையானவற்றில் டெலோமெரேஸ் மீண்டும் விழித்துக் கொள்கிறது. அதனால்தான் ஓயாமல் பிரியும் வல்லமை அந்த அணுக்களுக்கு வாய்க்கிறது. டெலோமெரேஸின் அச்சைப் பற்றி நிறுத்தும் இமெடெல்ஸ்டாட் என்னும் மருந்து, ஒரு வகை எலும்பு மஜ்ஜை நோயால் விளையும் இரத்த சோகைக்கு 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எனினும், அச்சு இல்லாமலே புரதம் ஆற்றும் பணிகள் உள்ளன என்றால், அச்சைத் தடுப்பதால் மட்டும் அவை யாவும் நின்றுவிடும் என்று கொள்வதற்கில்லை.

நன்மையும் தீமையும் ஒருங்கே செய்யவல்ல ஒன்றைக் கண்மூடித் தூண்டுவது அறிவுடைமை ஆகாது. டெலோமெரேஸைத் தூண்டி மனிதரின் ஆயுளை நீட்டியதாக மெய்ப்பிக்கப்பட்ட மாத்திரை இன்றுவரை எதுவுமில்லை. விளம்பரத்தை நம்பிப் பணத்தை இழப்பதைவிட, அப்பணத்தில் பெரியவர்களை நல்ல வைத்தியரிடம் அழைத்துச் சென்று காட்டுவதே மேலாகும்.