வானலையில் தேயும் குரல்

2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமான் நிக்கோபார்த் தீவுகளைத் தாக்கியபோது தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. தீவுகளில் இருந்தோர் உயிருடன் உள்ளனரா என்று அறிய வழியின்றி உறவினர் தவித்தனர். அவ்வேளையில் போர்ட் பிளேரில் ஹாம் வானொலி நிலையம் ஒன்றை இயக்கிக்கொண்டிருந்தார் பாரதி பிரசாத். ஐதராபாத்தைச் சேர்ந்த தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழுவினருடன், பொழுதுபோக்கு முயற்சியாகவே அவர் தீவுக்குச் சென்றிருந்தார். அம்முயற்சி ஒரே நாளில் மீட்புப்பணிக்கான செய்தித்தொடர்பாக மாறியது. காணாமற்போனோரைப் பற்றிய வினாக்களும், நலமாக உள்ளோரைப் பற்றிய விடைகளும் வானலையில் ஏறிக் கடலைக் கடந்தன.

இத்தகைய வேளையில் குரல் தேய்ந்தால் ஒரு பெயரின் பாதி மட்டுமே மறுகரை சேரும். பேசுபவருக்கோ தம் குரல் தேய்வது தெரிவதே இல்லை. அவர் முன்னுள்ள கருவி வழக்கம்போல் ஒளிரும். ஏற்பியில் மற்றவர் குரல்கள் தெளிவாக ஒலிக்கும். தொலைவில் இருப்பவர் சொன்ன பிறகே குறை வெளிப்படும். அவரும் காலந்தாழ்த்தியே சொல்வார். ஏற்பியில் குரலின் வலிமையைக் காட்டும் அளவுகோலில் ஒரு படி இறங்க, பரப்பியின் திறன் நான்கில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். 100 வாட் 25 வாட்டாகச் சுருங்கிய பின்னரே, “சற்றுக் குறைந்துள்ளது” என்னும் சொல் வந்து சேர்கிறது.

தேய்வு வானத்தில் நிகழ்கிறதா, வீட்டில் நிகழ்கிறதா என்பதே முதலில் எழ வேண்டிய வினா. சிற்றலைகள் அயனி மண்டலத்தில் திரும்பி நெடுந்தொலைவு செல்கின்றன. ஒரே அலை இருவேறு வழிகளில் வந்து சேரும்போது, இரண்டும் ஒத்திசைந்தால் குரல் ஓங்கும், முரண்பட்டால் ஒடுங்கும். அயனி மண்டலம் ஓயாது அசைவதால் ஓங்கலும் ஒடுங்கலும் மாறி மாறி வருகின்றன. 1924இல் ஆப்பிள்டன், பார்னெட் ஆகிய இருவரும் பி.பி.சி. நிலையமொன்றின் அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, இவ்வேற்றத்தாழ்வைக் கொண்டே அயனி மண்டலம் உண்மையில் இருப்பதை மெய்ப்பித்தனர். இன்று தொல்லையாகத் தோன்றும் தேய்வு, அன்று ஒரு பெரும் கண்டுபிடிப்புக்குச் சான்றாயிற்று.

வானத்தின் தேய்வு பெரும்பாலும் இருவழிப்பட்டது. இவர் குரல் அங்கே மங்கும்போது அவர் குரலும் இங்கே மங்கும். சற்று நேரத்தில் இரண்டும் மீளும். அவர் குரல் நிலையாக ஒலிக்க, இவர் குரல் மட்டும் தொடர்ந்து அமிழ்ந்தால், குறை இவரது நிலையத்தில்தான் இருக்க வேண்டும். பேசத் தொடங்கும்போது முழு வலிமையும், ஓரிரு நிமிடத்தில் தளர்ச்சியும், ஓய்வுக்குப்பின் மீண்டும் வலிமையும் காணப்பட்டால், எங்கோ ஏதோ ஒன்று சூடாகிறது என ஐயுறலாம்.

அந்த இடத்தைக் காண எளிய கருவி ஒன்று உண்டு. பரப்பியிலிருந்து ஆன்டெனாவைக் கழற்றி, அதன் இடத்தில் டம்மி லோடு எனப்படும் 50 ஓம் போலிச்சுமையைப் பொருத்த வேண்டும். அது அலைகளை வெளியே பரப்பாமல் வெப்பமாக மாற்றிவிடும். இந்நிலையில் திறன்மானியின் முள் சரிந்தால் குறை பரப்பியிலோ அதன் மின்வழங்கியிலோ உள்ளது. முள் அசையாது நின்றால் குறை வெளியே, வடத்திலோ ஆன்டெனாவிலோ உள்ளது. தேடலின் பாதி இவ்வொரு செயலிலேயே முடிந்துவிடுகிறது.

உள்ளே உள்ள குறைகளுள் எளிதில் ஏமாற்றுவது மின்வழங்கிக் கம்பி. 100 வாட் கருவி 13.8 வோல்ட்டில் ஏறத்தாழ 20 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். மெல்லிய கம்பியாலோ தளர்ந்த திருகாலோ வழியில் 0.1 ஓம் மின்தடை சேர்ந்தால்கூட 2 வோல்ட் வழியிலேயே இழக்கப்படும். 40 வாட் வீணே வெப்பமாகும். பேசாதிருக்கும்போது மின்னோட்டம் குறைவு. ஆகவே மின்னழுத்தமும் சரியாகவே காட்டும். பரப்பும் வேளையில், கருவியின் வாயிலிலேயே அதனை அளந்தால்தான் உண்மை தெரியும்.

வெளியே உள்ள குறைகளில் நீரும் உப்பும் முதன்மையானவை. கடலோர ஊர்களில் இணைப்பிகள் விரைவில் அரிக்கப்படுகின்றன. மழைநீர் கோஆக்சியல் வடத்துக்குள் இறங்குகிறது. ஆன்டெனா பொருந்தாதபோது ஆற்றலின் ஒரு பகுதி திரும்பி வரும். நிலையலைத் தகவு 3க்கு 1 எனில், நான்கில் ஒரு பங்கு ஆற்றல் எதிரொளிக்கும். இன்றைய கருவிகள் அதனை உணர்ந்து, தம்மைக் காத்துக்கொள்ளத் தம் திறனைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. குரல் தேய்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆன்டெனா இணைப்பில் உள்ள ஃபெரைட் வளையம் மிகச் சூடேறினாலும் தன் காந்தப் பண்பை இழந்து இதே விளைவைத் தரும். ஆறியதும் ஒன்றும் அறியாததுபோல் இயங்கும்.

மானி பொய்யுரைப்பதும் உண்டு. நீர் புகுந்த வடம் மேலே செல்லும் ஆற்றலையும் விழுங்கும். திரும்பும் ஆற்றலையும் விழுங்கும். கீழேயுள்ள மானியில் எதிரொளிப்பு குறைவாகத் தெரிய, “தகவு நன்று” எனப் பலர் ஆன்டெனாவை விட்டு அகன்றுவிடுகின்றனர். போலிச்சுமையை வடத்தின் மறுமுனையில் பொருத்தி, அங்கே வந்து சேரும் திறனை அளந்தால் மறைவு வெளிப்படும். இச்சோதனைகளில் கருவியை நிறுத்திய பின்னரே இணைப்புகளைத் தொட வேண்டும். அலைபரப்பும் ஆன்டெனாவைத் தொட்டால் தோல் சுடும்.

ஒரே வேளையில் வடம், இணைப்பி, மின்கம்பி ஆகிய மூன்றையும் மாற்றுவோர் உளர். குறை நீங்கலாம், ஆனால் எது குற்றவாளி என்பது தெரியாமற்போகும். ஆகவே ஒன்றை மாற்றி, உடனே அளந்து, குறிப்பேட்டில் எழுதிய பின்னரே அடுத்ததைத் தொடுவது நல்லது. சீரமைத்தபின், முன்பு குறை கூறிய அதே நண்பரை அதே அலைவரிசையில் அழைத்து, ஐந்து நிமிடம் இடைவிடாது பேசி, தொடக்கத்திலும் முடிவிலும் தம் குரலின் வலிமையைக் கேட்டறிவர் தேர்ந்தவர்கள்.