கப்பல் வாடகையின் நாடித்துடிப்பு

நிலக்கரி, இரும்புத்தாது, தானியம் ஏற்றும் கப்பல்களின் வாடகை நாளுக்கு நாள் மாறும். அதைக் கணித்து அறிவிப்பது லண்டனின் பால்டிக் எக்ஸ்சேஞ்ச். 1744-இல் கப்பல் தலைவர்களும் வணிகர்களும் கூடிய ஒரு காபிக் கடையில் வேர்விட்ட அமைப்பு அது! இந்த வாடகையின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் அதன் உலர்சரக்குக் குறியீடு 2008 மே மாதம் 11,793 புள்ளிகளைத் தொட்டது. உலக நிதி நெருக்கடி வெடித்ததும், அதே ஆண்டு டிசம்பரில் 663-க்குச் சரிந்தது. சரக்குக்குப் பணம் வரும் என்று உறுதி சொல்லும் கடனுறுதிக் கடிதத்தை வங்கிகள் தரத் தயங்க, சரக்கு கரையிலேயே தேங்கியது. உச்ச விலையில் நீண்ட காலத்துக்குக் கப்பலை வாடகைக்கு எடுத்திருந்தவர்களில் பலர் நொடித்துப் போனார்கள். எத்தனை மாதத்துக்கு ஒப்பந்தம் போடுவது என்ற ஒரே முடிவு ஒரு நிறுவனத்தையே கவிழ்த்துவிடும். 2016 முதல் பால்டிக் எக்ஸ்சேஞ்ச் சிங்கப்பூர் பங்குச் சந்தைக்குச் சொந்தம்.