சோபி: மனிதர் அகழ்ந்த பாலை

பசுமை நிறைந்த டென்மார்க்கிலே பாலைநிலம் உண்டா? ஹேர்னிங் நகருக்குத் தெற்கேயுள்ள சோபி என்னும் ஊரைச் சென்று பாருங்கள். ரண்டர்சிலிருந்து ஒரே நாளிற் போய்வரலாம்.

இரண்டாம் உலகப் போரினால் வெளிநாட்டு நிலக்கரி அரிதாகவே, 1940 முதல் 1970 வரை இங்கே பழுப்பு நிலக்கரி அகழப்பட்டது. நெய்வேலியில் எடுக்கப்படுவதும் இவ்வினமே. அள்ளிக் கொட்டிய மணல் குன்றாயிற்று. தோண்டிய குழி ஏரியாயிற்று. மண்ணிலிருந்த கந்தகக் கனிமம் காற்றுப்பட்டு அமிலமாகியதால், பல ஏரிகளின் நீர் புளிப்புடையது. தொழிலாளர் பட்ட பாட்டை அங்குள்ள அருங்காட்சியகம் எடுத்துரைக்கும்.

ஆயினும், இறுகாத மணல் திடீரெனச் சரியும். ஆதலால் எச்சரிக்கைப் பலகைக்கு அப்பால் ஓரடியும் வையாதீர். பலகை டேனிய மொழியில் இருக்கும். பிள்ளைகளே, அதனை வாசித்துப் பெற்றோருக்குத் தமிழிற் பொருள் சொல்லுதல் உங்கள் கடமை.