கூட்டம் கூடினா நெட் ஏன் படுத்துக்குது?

டிசம்பர் 31 ராத்திரி. பாண்டி கடற்கரைச் சாலையில காந்தி சிலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலைங்க மட்டும்தான் தெரியும். மணி பன்னிரண்டு அடிச்சதும் அத்தனை பேர் கையிலயும் செல்போன். வீடியோ எடுத்தாச்சு. ஆனா, அனுப்பத்தான் முடியலை! சிக்னல் ஃபுல்லா காட்டுது, வட்டம் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு. 'ரீசார்ஜ் தீர்ந்துபோச்சா?'ன்னு சந்தேகப்படாதீங்க பாஸ். டவர்தான் மூச்சுத் திணறி நிக்குது.

சிக்னல் ஃபுல்லா இருக்குன்னா, டவர் சொல்றது உங்க போனுக்கு நல்லா கேட்குதுன்னு மட்டும்தான் அர்த்தம். உங்களுக்கு உட்கார சீட் இருக்குன்னு அர்த்தம் இல்லை. ஒரு டவரோட அலைவரிசை, அதைச் சுத்தி இருக்கிற எல்லாருக்கும் பொது. சாதாரண நாள்ல சில நூறு பேர் பங்கு போட்டுக்கிறதை, அன்னிக்கு பல ஆயிரம் பேர் ஒரே நிமிஷத்துல கேட்கிறாங்க. நம்ம பீச்சுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. ஊருக்கு நடுவுல கூட்டம் கூடினா நாலு பக்கமும் டவர் வைக்கலாம். இங்கே ஒரு பக்கம் முழுக்கக் கடல்!

இதுக்கு வழி இருக்கு. லாரியில ஏத்திக் கொண்டுவர்ற நடமாடும் டவர், விளக்குக் கம்பத்துலயே மாட்டுற குட்டி டவர்னு ரெண்டுமே உண்டு. 2025ல பிரயாக்ராஜ் கும்பமேளாவுக்குத் தற்காலிக டவர்களைக் கொண்டுவந்துதான் சமாளிச்சாங்க. பெரிய டவர் ஒண்ணை இன்னும் பெருசாக்கறதைவிட, சின்னச் சின்னதா நிறைய வைக்கிறதுதான் இதுல சூட்சுமம்.

உங்க சிம்போசியத்துல..?

இதே கதை காலேஜ் ஆடிட்டோரியத்துலயும் நடக்கும். முந்நூறு பேர் வர்ற ஹேக்கத்தானுக்கு, வீட்டுல வைக்கிற மாதிரி ஒரே ஒரு வைஃபை பெட்டியை மூலையில வெச்சுட்டு, பாஸ்வேர்டைப் போர்டுல எழுதிடுவாங்க. பத்தாவது நிமிஷம் 'நெட் வரலை'ன்னு குரல் கேட்கும். ஏன்?

ஒண்ணு, வைஃபையில ஒரு சேனல்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல்கள் மூணே மூணுதான்: 1, 6, 11. இந்த நேரத்துல ஆளாளுக்கு ஹாட்ஸ்பாட் போட்டா, அதே மூணு சேனல்ல இன்னும் நெரிசல்! சேனல்கள் அதிகம் உள்ள 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்க. பெட்டிகளைப் பல இடத்துல வெச்சு, ஒவ்வொண்ணோட பவரையும் குறைங்க. ஒவ்வொண்ணுக்கும் கேபிள் இழுங்க.

ரெண்டு, முகவரிப் பஞ்சம். சின்ன ரவுட்டர்கள் பொதுவா 254 ஐ.பி. முகவரிகளுக்கு மேல தராது. காலையில வந்த 250 பேர் சாப்பிடப் போனாலும், அவங்க முகவரி 24 மணி நேரம்வரை பிடிச்சு வெச்சபடியே இருக்கும். மத்தியானம் வர்றவங்க வெளியிலதான் நிக்கணும். அந்த நேரத்தை அரை மணியா குறைச்சாலே பாதித் தலைவலி போயிடும்.

மூணு, எல்லாரையும் ஒரே வரிசையில விடறது. மேடையோட லைவ் ஒளிபரப்பும் ரிஜிஸ்ட்ரேஷன் கவுன்ட்டரும் வைஃபையை நம்பியே இருக்கக் கூடாது. அதுக்குத் தனி கேபிள். யூடியூப் லைவுக்கு 720பி தரத்துல ஏறக்குறைய 4 எம்.பி.பி.எஸ். அப்லோட் தேவை. கையில அதைப்போல ரெண்டு பங்கு வெச்சுக்கங்க. நெட்டும் ரெண்டு கம்பெனியோடதா இருக்கட்டும். ரவுட்டருக்கு யு.பி.எஸ். கண்டிப்பா வேணும். வந்தவங்க பெயர்ப் பட்டியல் லேப்டாப்லயும் ஒரு காப்பி இருக்கட்டும்.

வில்லியனூர் கத்துக்கொடுத்தது

இதெல்லாம் ரீல்ஸ் போடறதுக்காக மட்டும் இல்லை. கூட்டத்துல ஒருத்தர் மயங்கி விழுந்தா, 112க்கு கால் போகணுமே! குழந்தை தொலைஞ்சா? நெரிசல் ஆரம்பிச்சா? நெட் அதிகமா தேவைப்படற நிமிஷமும், அது படுத்துக்கிற நிமிஷமும் ஒண்ணாதான் வருது.

இதுக்கு விடை தேடி அமெரிக்கா போகவேண்டாம், வில்லியனூர் போதும். 1998ல எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு தகவல் மையத்தை ஆரம்பிச்சது. டயல்-அப் காலம் அது. சுத்தியிருந்த கிராமங்களுக்கு வி.ஹெச்.எஃப். ரேடியோ மூலமா செய்தி போகும். கரன்ட் போனா சூரிய சக்தி. அமெரிக்கக் கடற்படை நெட்டுல போடுற அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழாக்கி, வீராம்பட்டினத்துக்கு அனுப்புவாங்க. அங்கே ஒலிபெருக்கியில அறிவிப்பு. வீட்டுக்கு வீடு நெட் இல்லை. ஊருக்கே ஒரு இணைப்பு... ஆனா, சேதி எல்லார் காதுலயும் விழுந்துச்சு.

இதோட அருமை 2004 டிசம்பர் 26 அன்னிக்குத் தெரிஞ்சது. சுனாமி செய்தியை சிங்கப்பூர்ல பார்த்த நல்லவாடு இளைஞர் ஒருத்தர், ஊருக்குப் போன் போட்டார். தகவல் மையத்தோட கதவை உடைச்சு, ஒலிபெருக்கியில எச்சரிக்கை கொடுத்தாங்க. மூவாயிரத்துக்கும் அதிகமானவங்க தப்பிச்சாங்க. ஒரு போன் கால், ஒரு ஒலிபெருக்கி... அவ்வளவுதான்!

2023ல இந்தியா முழுக்கப் பல ஊர்கள்ல செல்போன்கள் திடீர்னு அலறினதே, ஞாபகம் இருக்கா? அந்த 'செல் பிராட்காஸ்ட்' சோதனையும் இதே லாஜிக்தான். டவர் ஒரே தடவை சொல்லும். அந்த எல்லைக்குள்ள இருக்கிற போன்கள் எல்லாம் கேட்டுக்கும். ஆளுக்கொரு லைன் தேவையில்லாததால நெரிசல் அதைத் தொடாது.

ஆடி மாசம் வீராம்பட்டினம் தேர், மாசிமகம், புத்தாண்டு, உங்க கல்ச்சுரல்ஸ்... எதுவா இருந்தாலும் கமிட்டியில சாப்பாட்டுக்கு ஒருத்தர், மேடைக்கு ஒருத்தர் போடுற மாதிரி நெட்டுக்கும் ஒருத்தரைப் போடுங்க. அவர்கிட்ட கேட்கவேண்டிய முதல் கேள்வி, 'ஸ்பீடு எவ்வளவு?' இல்லை. 'நெட் போச்சுன்னா, எல்லார்கிட்டயும் எப்படிச் சொல்லுவே?' இதுக்கு அவர்கிட்ட பதில் இருந்தா, தைரியமா நோட்டீஸ் அடிக்கலாம்!