உள்ளேயா, வெளியேயா?

அகம், புறம் என்று வாழ்க்கையையே இரண்டாகப் பிரித்துப் பார்த்தவர்கள் நாம். இணையப் பக்கம் செய்கிறவர்களுக்கும் இதே கேள்வி தினமும் வரும்: வாசகர் சொடுக்கியது உள்ளேயா, வெளியேயா?

ஒரு பக்கத்தில் மெனுவைத் திறக்கிறீர்கள். வேண்டாமென்று வேறு இடத்தில் சொடுக்கினால் அது மூடிக்கொள்கிறது. சின்ன விஷயம்தான். ஆனால் 'வெளியே சொடுக்கினார்' என்றொரு நிகழ்வு உலாவியில் கிடையாது. நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு பொத்தானைச் சொடுக்கினால், அந்தச் செய்தி ஆவணத்தின் உச்சியிலிருந்து பொத்தான்வரை இறங்கி, பிறகு நீர்க்குமிழிபோல மேலே ஏறும். 1990களில் நெட்ஸ்கேப் இறங்கும் வழியையும், மைக்ரோசாஃப்ட் ஏறும் வழியையும் பிடித்துக்கொண்டிருந்தன. 2000 நவம்பரில் வந்த பொதுத்தரம் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. ஆகவே உச்சியில், இங்கே வளைகுடாவில் நாத்தூர் என்கிறோமே, அந்த வாட்ச்மேன் மாதிரி ஒருவரை நிறுத்தி, ஒவ்வொரு சொடுக்கும் மெனுவுக்குள் பிறந்ததா என்று விசாரித்தால் போதும். இல்லையென்றால் மூடிவிடலாம். ஏறும் வழியில் வேறு நிரல் செய்தியை நிறுத்திவிடக்கூடும் என்பதால், இறங்கும்போதே விசாரிப்பது நல்லது.

இதிலும் சிக்கல் உண்டு. அல் குசைஸில் எங்கள் கட்டடத்தில் வசித்த பெரியவர் ஒருவர், ஒரு தமிழ்த் தளத்துக்கு வாசகர் கடிதம் எழுத உட்கார்ந்தார். திரையில் விரியும் தமிழ் விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தொட்டதும் கடிதப் பெட்டியே மூடிக்கொண்டது. ஏற்கெனவே எழுதியிருந்த நாலு வரியும் போயிற்று. "தம்பி, தமிழ் எழுதினால் விரட்டுகிறதே!" என்றார்.

காரணம் எளிது. விசைப்பலகை கண்ணுக்குப் பெட்டியோடு ஒட்டியிருக்கிறது. ஆனால் ஆவணத்தில் அதைப் பக்கத்தின் கடைசியில் செருகியிருப்பார்கள். நாத்தூர் பார்ப்பது ஆவணத்தை. அவர் கணக்கில் விசைப்பலகை வெளியாள். அதுவும் வீட்டு ஆள்தான் என்று அவரிடம் சொல்லி வைப்பதே மருந்து.

வேறு இரண்டு சிக்கல்களும் அடிக்கடி வரும். பெட்டிக்குள் வரியைத் தேர்ந்தெடுக்க இழுத்துக்கொண்டே போய் வெளியே விரலை எடுத்தால், வெளியே சொடுக்கியதாகப் பதிவாகும். இதற்கு, அழுத்தத் தொடங்கிய இடத்தைப் பார்க்க வேண்டும். சொடுக்கியதும் மறைந்துவிடும் பொத்தான் இன்னொன்று. ஏறும் வழியில் விசாரித்தால், அதற்குள் அது பக்கத்திலேயே இல்லாமல் போயிருக்கும். வெளியாள் என்று முடிவாகிவிடும். நிகழ்வு கடந்து வந்த பாதையின் பட்டியலைப் பார்த்தால் இந்தத் தவறு வராது.

இப்போது எச்.டி.எம்.எல்.-இலேயே பாப்ஓவர் என்ற வசதி இருக்கிறது. குரோம், சஃபாரி உலாவிகளில் 2023லும் ஃபயர்ஃபாக்ஸில் 2024லும் வந்தது. வெளியே சொடுக்கினாலோ எஸ்கேப் விசையை அழுத்தினாலோ தானே மூடும். ஒன்றிலிருந்து திறந்த இன்னொன்றை, உறவைச் சொல்லிவைத்தால், உள்ளாளாகவே நடத்தும்.

எந்த வசதியும் தீர்மானிக்க முடியாதது ஒன்று உண்டு. மெனு மூடினால் நஷ்டமில்லை, மறுபடி திறக்கலாம். எழுதுகிற பெட்டி அப்படியல்ல. வேலை நடுவே கிடைத்த பத்து நிமிடத்தில், தமிழில் தட்டுத் தடுமாறி எழுதியதை ஒரு தவறிய விரல் அழிக்கக்கூடாது. அங்கே வெளியே சொடுக்கினால் மூடாதீர்கள். மூடித்தான் ஆகவேண்டுமென்றால், எழுதியதைச் சேமித்துவிட்டு மூடுங்கள்.