கக்கா கேப்டன் டக்கர்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் சான் ஹுவான் தீவுகளை ஒட்டிய கடல். சில ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஒரு சின்னப் படகு. ஓட்டுபவர் என்னவோ கேப்டன்தான். ஆனால் எந்தப் பக்கம் திருப்புவது என்பதை முடிவு செய்பவர், அணியத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்பார். பெயர் டக்கர். கறுப்பு லாப்ரடார் கலப்பு, சியாட்டில் தெருக்களில் திரிந்தவர். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மோப்ப நாய்ப் படையில் சேர்ந்த பிறகு அவருக்குக் கிடைத்த உத்தியோகம் என்ன தெரியுமா? ஓர்காவின் கக்காவைக் கண்டுபிடிப்பது! இத்தனைக்கும் டக்கருக்குத் தண்ணீரில் இறங்கவே பிடிக்காது.

ஓர்காவைத் திமிங்கிலம் என்கிறோம். ஆனால் பிறப்பால் அது டால்பின் குடும்பத்தின் பெரியண்ணன். ஓர்காக் கூட்டம் எங்கோ முன்னால் போகும். படகு பக்கத்தில் போய்த் தொந்தரவு செய்யாமல், வெகுதூரம் தள்ளி, காற்று வீசிவரும் வழியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். திடீரென்று டக்கர் உடம்பை வில்லாக வளைத்துப் படகுக்கு வெளியே எட்டுவார். வாடை பிடிபட்டுவிட்டது! அருகிலிருக்கும் பயிற்சியாளர் லேசாகக் கையசைப்பார், கேப்டன் திருப்புவார். வாடை தப்பினால் டக்கரின் தலை வெடுக்கென்று பின்னால் திரும்பும்; படகும் திரும்பியாக வேண்டும். ஒரு கடல் மைல் தொலைவிலிருந்தே பிடித்துவிட்ட மூக்கு அது.

எல்லாம் அவசரத்தில் நடக்கும். சரக்கு கொஞ்ச நேரம்தான் மிதக்கும், அப்புறம் மூழ்கிப் போகும். நீண்ட கம்பில் கட்டிய கோப்பையால் அள்ளுவார்கள்: பச்சையும் பழுப்புமாக, மூக்குச்சளி போல வழுவழுவென்று, மீன் நாற்றத்தோடு. அள்ளியவர் முகத்தில் என்ன பூரிப்பு! டக்கருக்குச் சம்பளம் ஒரு பந்து. அவ்வளவுதான், அந்தப் பந்துக்காகத்தான் இத்தனை பாடும்.

இனி ஆய்வகம். ஓர்கா விழுங்கிய மீன் செரித்துக் கூழாகியிருக்கும்; முள்ளைப் பார்த்து அடையாளம் சொல்ல வழியில்லை. ஆனால் மீனின் டிஎன்ஏ துண்டு துண்டாகவாவது தப்பிப் பிழைத்திருக்கும். எல்லா மீனுக்கும் பொதுவான, ஆனால் இனத்துக்கு இனம் சில எழுத்துகள் மாறுகிற ஒரு குட்டிப் பகுதியைப் பிசிஆர் கருவியில் கோடிக்கணக்காகப் பெருக்குகிறார்கள். பிறகு அதன் எழுத்து வரிசையைப் படித்து, ஏற்கெனவே தெரிந்த மீன்களின் வரிசையோடு ஒப்பிட்டால், சாப்பாட்டுப் பட்டியல் வந்துவிடுகிறது.

டக்கரின் படகிலிருந்தும் மற்றப் படகுகளிலிருந்தும் 2006 முதல் 2011 வரை கோடைகாலங்களில் சேர்த்த மாதிரிகளை வைத்து 2016இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். இந்தக் கூட்டத்தின் கோடைகால உணவில் 98 சதவீதத்துக்கும் மேல் சால்மன் குடும்பம். அதில் கிட்டத்தட்ட 80 சதவீதம் சினூக் என்கிற ஒரே வகை. கடலில் வேறு மீனே இல்லையா என்ன? இருக்கிறது, இவர்கள் சீண்டுவதில்லை! கோடை முடியும்போது மட்டும் கோஹோ சால்மன் 40 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடுகிறது. ஓர்கா சாப்பிட்ட இடத்தில் மிதக்கும் செதில்களைப் பொறுக்கி இதற்கு முன்பு ஆராய்ந்தவர்களின் கணக்கோடும் இது ஒத்துப்போனது. செதில் பொறுக்கியவர்களுக்கு அன்று கொண்டாட்டமாகத்தான் இருந்திருக்கும்.

வாய்க்கு ருசி சரி. அந்தச் சினூக் குறைந்துகொண்டே வருகிறதே, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. சால்மனை நம்பி வாழும் இந்த ஓர்காக்கள் 2005 முதல் அமெரிக்காவின் அழியும் நிலை உயிரினப் பட்டியலில் இருக்கின்றன. டக்கர் மாதிரியான நாய்கள் உதவியோடு 2008 முதல் 2014 வரை சேர்த்த கழிவிலிருந்த ஹார்மோன்களை அளந்தபோது, தெரியவந்த கர்ப்பங்களில் 69 சதவீதம் வரை பிழைக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டுப்பாடு முக்கியக் காரணம் என்றது ஆய்வு. இத்தனையும் ஓர் ஊசிகூடக் குத்தாமல் கண்டறிந்தது!

இன்னொன்று. கழிவோடு ஓர்காவின் குடல் செல்களும் கலந்து வருவதால் அதன் சொந்த டிஎன்ஏவும் சிக்கிவிடுகிறது. போட்டது ஆணா பெண்ணா, எந்த ஆள் என்பதுவரை கண்டுபிடித்துவிடலாம். கூட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் ஜே, கே, எல் என்று எழுத்தும் எண்ணும் சேர்ந்த அடையாளம் ஏற்கெனவே இருக்கிறது. நடுக்கடல்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று போய்விட்டு நழுவ இங்கே யாராலும் முடியாது.