கணவன், மனைவி பெயரில் கூட்டு வீடு: வாடகையை யார் கணக்கில் காட்டுவது?

நம் வணிகர்களில் பலர் வியாபாரத்தில் மிச்சம் பிடித்ததை வீட்டில் போடுகிறோம். பத்திரத்தில் மனைவி பெயரையும் சேர்க்கிறோம். வாடகை வரத் தொடங்கியதும், "வீட்டம்மாவுக்கு வேறு வருமானம் இல்லை, முழு வாடகையையும் அவர் கணக்கில் காட்டிவிடலாம்" என்கிறோம். நோட்டீசு வருவது இங்கேதான்.

பங்கு நிச்சயமாகத் தெரியும் கூட்டுச் சொத்தில், அவரவர் பங்கு வாடகைக்கு அவரவர் வரி கட்ட வேண்டும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 26ஆம் பிரிவு இதைச் சொன்னது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் நெறி அதுவேதான். வாடகை யார் வங்கிக் கணக்கில் விழுகிறது என்பது இதை மாற்றாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். மாத வாடகை ரூ.20,000, ஆண்டுக்கு ரூ.2,40,000. நாம் கட்டிய சொத்து வரி ரூ.10,000 போக மீதி ரூ.2,30,000. இதில் 30 சதவீதக் கழிவு ரூ.69,000. நிகரம் ரூ.1,61,000. சரிபாதிப் பங்கு என்றால் ஆளுக்கு ரூ.80,500. வெள்ளையடித்தது, குழாய் மாற்றியது, தரகு எல்லாம் அந்த 30 சதவீதத்தில் அடங்கிவிடும். தனியாகக் கழிக்க முடியாது.

அடுத்து முக்கியமான கேள்வி: மனைவியின் பங்குக்குப் பணம் யாருடையது? அவருடைய சீதனம், தாய் வீட்டார் கொடுத்தது, நகை விற்றது, சொந்தச் சம்பாத்தியம் என்றால் அந்த வாடகை அவருடையதே. கணவன் சும்மா கொடுத்த பணம் என்றால், பத்திரத்தில் மனைவி பெயர் இருந்தாலும் அந்தப் பங்கின் வாடகை கணவன் வருமானத்தோடு சேர்க்கப்படும். மேற்சொன்ன உதாரணத்தில் ரூ.1,61,000 முழுவதும் கணவன் கணக்கில் ஏறும். ஏற்கனவே உள்ள வீட்டை மனைவிக்குத் தானமாக எழுதி வைத்தாலும் இதே கதிதான். பிறகு வட்டி, அபராதம் என்று வரும்போது மிச்சம் பிடித்ததைவிட அதிகம் போய்விடும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. கிரயப் பத்திரத்திலேயே யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதுங்கள்.

2. அவரவர் பங்குப் பணத்தை அவரவர் வங்கிக் கணக்கிலிருந்து கொடுங்கள். நகை விற்ற ரசீதைப் பத்திரத்தோடு வையுங்கள்.

3. வாடகை ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திடுங்கள். வாடகைதாரர் டி.டி.எஸ். பிடிப்பவர் என்றால் இருவர் பான் எண்ணையும் பங்கு விவரத்தோடு கொடுங்கள்.

4. வங்கிக் கடன் இருந்தால் இருவர் பெயரிலும் வாங்குங்கள். அவரவர் கட்டும் வட்டிக்கு அவரவர் கழிவு கேட்கலாம். ஆனால் பழைய முறை, புதிய முறை இரண்டிலும் நஷ்டத்தைக் கழிக்கும் விதி வேறு. ஆடிட்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மனைவி பெயரில் சொத்து சேர்ப்பது அவருக்குப் பாதுகாப்பு. அதை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைக் கணக்கு எழுதுவதுபோல வீட்டுக் கணக்கையும் எழுதி வைத்தால், நாளை அதிகாரி கேட்கும்போது நம் வீட்டுப் பெண்கள் திகைத்து நிற்க வேண்டியிராது.